இல்லமும் வெம்மையும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் உணவைப்பற்றியும் உடையைப்பற்றியும் நாம் பேசுவது மிகுதி; உறையுளைப்பற்றிப் பேசுவது குறைவு. வீடு மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்குமிடம் என்பதை யாவரும் அறிவர். ஆயினும், நம் இராமநாதபுரக் கடற்கரையில் மழைக்கு ஒதுங்க வேண்டிய நாட்கள் சில. வெயிலுக்கு ஒதுங்க வேண்டிய நாட்களோ பல. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்து ஓய்ந்தபின், எஞ்சிய திங்கள்களிற் பெரும்பாலன கதிரவனுடைய ஆட்சிக்கே உரியன. ஆதலின் இந்நாட்டில் ஒரு வீடு நல்ல வீடா அன்றா என்பதை, அதன் கூரை வெயிலை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதைக்கொண்டே துணிதல் வேண்டும்.

முன்னாளில் நம்மவர் இதனை நன்கறிந்திருந்தனர். பனையோலை வேய்ந்த குடிசையும், நாட்டோடு வேய்ந்த வீடும், கீழக்கரை போன்ற பட்டினங்களில் தடித்த சுண்ணாம்புச் சுவரும் நடுமுற்றமும் உடைய பெருமனையும் தத்தமக்கு இயன்ற வகையால் வெயிலைத் தடுத்தன. இராமேசுவரத் திருக்கோயிலின் நெடும்பிராகாரத்துள் நண்பகலில் நுழைவோர், கல்லின் தடிப்பும் நிழலின் ஆழமும் காற்றின் ஓட்டமும் ஒருங்கு கூடினால் எத்துணைத் தண்மை உண்டாகும் என்பதை உள்ளங்காலாலேயே உணர்வர். இக்காலத்திலோ, நாம் வெயிலைத் தடாத கூரையை முதலில் இட்டுக்கொண்டு, உட்புகுந்த வெம்மையைப் பின்னர் யந்திரத்தால் வெளியேற்ற முயல்கின்றோம். இம்முறையின் செலவு யாது, அச்செலவை யார் தாங்குகின்றனர், இதனினும் நேரிய வழி உண்டா என்பவற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்ற கோடை விடுமுறையில் இராமேசுவரத்தில் உறவினர் இல்லமொன்றிற் சில நாட்கள் தங்கியிருந்தேன். கடலுக்குச் செல்லும் குடும்பம். சிமெண்டுத் தகடு வேய்ந்த இரண்டு அறைகள். முன்னே நான்கு முழ அகலமுள்ள ஒரு சந்து. சந்தின் எதிர்ப்புறத்தில் யாத்திரிகர் தங்கும் விடுதியொன்றின் பின்சுவர் மூன்றடுக்கு உயர்ந்து நின்றது. அச்சுவரில் குளிர்சாதன யந்திரங்களின் வெளிப்பெட்டிகள் எட்டு, இரு வரிசையாகப் பொருத்தப்பட்டிருந்தன. இரவு எட்டு மணிக்கு அவை ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கும். அதுகாறும் சந்தில் பாய் விரித்திருந்த முதியோரும் குழந்தைகளும் பாயைச் சுருட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடப்பர். அவ்வீட்டு அப்பத்தா மட்டும் நடக்க இயலாமையால் வாசற்படியிலேயே அமர்ந்து, ஓலைவிசிறியால் வீசிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அவரிடம், "என்ன அப்பத்தா, புழுக்கமா இருக்கா?" என்று வினவினேன். அவர் எதிர்ச்சுவரைச் சுட்டிக் காட்டி, "புழுக்கம் எப்பவும் உள்ளதுதான் ஐயா. அந்தப் பெட்டியெல்லாம் உள்ளே கெடக்கிற சூட்டை அள்ளியாந்து இங்கினெ கொட்டுதுல்ல, அதுதான் தாங்க முடியல. அவுக காசு குடுத்துக் குளுருறாக, நாம காசு குடுக்காம வேகுறோம்" என்றார். பௌதிக நூலை ஒருநாளும் விரித்தறியாத அம்மூதாட்டி, அந்நூல் பல பக்கங்களால் விளக்கும் உண்மையை ஒரு வாக்கியத்தில் உரைத்துவிட்டார். அவ்வுரையின் பின்பாதியோ எந்நூலிலும் நான் காணாத பொருளியல் உண்மை.

நிற்க. குளிர்சாதன யந்திரம் குளிரை உண்டாக்குகிறது என்று நம்மிற் பலர் கருதுகின்றனர். குளிர் என்பது தனியொரு பொருளன்று. வெப்பம் குறைந்த நிலையே குளிர். ஆதலின் யந்திரம் செய்வதெல்லாம் ஓரிடத்துள்ள வெப்பத்தை எடுத்து மற்றோரிடத்திற் கொட்டுதலே. நீர் இயல்பாக மேட்டிலிருந்து பள்ளத்திற்கு ஓடுவதுபோல், வெப்பமும் மிக்க இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குச் செல்லும். கிணற்று நீரை மேட்டு வயலுக்கு இறைக்க ஏற்றம் வேண்டும். ஏற்றத்தை மிதிக்க ஆளும் வேண்டும். அதுபோன்றே, குளிர்ந்த அறையிலுள்ள வெப்பத்தைச் சூடான வெளிக்கு ஏற்றுதற்கு ஒரு கருவியும், அக்கருவியை இயக்க மின்சாரமும் வேண்டும். மேலைநாட்டார் இதனை 'ஹீட் பம்ப்' என்பர். நாம் 'வெப்ப ஏற்றம்' எனலாம். கிணறு ஆழமாக ஆழமாக ஏற்றக்காரனுடைய உழைப்பு மிகும். அவ்வாறே அறையை மிகுதியாகக் குளிர்விக்க விரும்பினாலும், வெளியே வெயில் மிகுந்தாலும் மின்சாரச் செலவு உயரும். ஏற்றத்தின் இலக்கணத்தை அறிந்த உழவனுக்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

இக்கருவியின் கொள்கையை 1852-ஆம் ஆண்டில், பின்னர்க் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தாம்சன் என்னும் அறிஞர் எடுத்துரைத்தார். அதன்பின் சில ஆண்டுகளுக்குள் ஆஸ்திரிய நாட்டுப் பொறியியலறிஞர் பீட்டர் ரிட்டிங்கர் என்பார் அதனைச் செயலில் காட்டினார். அவர் காட்டிய இடம் யாதெனில், எபன்சே என்னும் ஊரிலுள்ள உப்புக் காய்ச்சும் சாலை. அக்குளிர்நாட்டில் உப்புநீரைக் காய்ச்ச விறகு மிகுதியாகச் செலவாயிற்று; எழும் நீராவியின் வெப்பத்தையே மீண்டும் பயன்படுத்தி அச்செலவைக் குறைக்க அவர் முயன்றார். நம் வாலிநோக்கத்து உப்பளத்தைக் கண்டவர்க்கு இச்செய்தி சிந்தனையைத் தூண்டும். அங்கே யந்திரம் வைத்துச் செய்த வேலையை இங்கே கதிரவன் கூலியின்றிச் செய்கிறான். ஒரு நாட்டிற்கு அரிதாகிய வெப்பம் மற்றொரு நாட்டில் வேண்டாத அளவிற்குக் குவிந்துகிடக்கிறது. கருவி ஒன்றே, அதனாற் பெறும் நன்மையும் தீமையும் அது நிற்கும் நாட்டைப் பொறுத்தன.

இதனை விளக்குதற்குக் குளிர்நாட்டு வழக்கத்தையும் சிறிது காண்போம். இலங்கைத் தமிழருட் பலர் 1980-களில் நார்வே நாட்டிற்குச் சென்று, அதன் வடகோடிக் கடற்கரையூர்களில் மீன் பதனிடும் தொழிலில் அமர்ந்தனர். பனி உறையும் அந்நாட்டில் வீட்டைச் சூடாக்காமல் உயிர்வாழ்தல் அரிது. முன்னர் எண்ணெயும் விறகும் எரித்தனர், மின்னடுப்பும் வைத்தனர். இப்பொழுதோ வெளிக்காற்றிலுள்ள சிறிதளவு வெப்பத்தையும் திரட்டி உள்ளே ஏற்றும் வெப்ப ஏற்றம் அந்நாட்டு வீடுகளிற் பெருவழக்காயிற்று. ஒரு யூனிட்டு மின்சாரம் மின்னடுப்பில் ஒரு யூனிட்டு வெப்பமே தரும். வெப்ப ஏற்றத்திலோ மூன்று யூனிட்டளவு வெப்பம் வீட்டிற்குள் வந்து சேரும். கடுங்குளிர் நாட்களில் இப்பயன் குறையுமாயினும், ஆண்டு முழுமைக்கும் நோக்குங்கால் ஊதியமே மிகும். அன்றியும், அந்நாட்டு மின்சாரம் பெரும்பாலும் அருவிநீரால் உண்டாவது. எனவே புகையும் இல்லை. வீட்டைச் சூடாக்கக் கனிம எண்ணெய் எரிப்பதை அந்நாட்டரசு 2020-ஆம் ஆண்டு முதல் விலக்கிவிட்டது. பிரித்தானியாவிலோ மின்சாரத்தின் விலை எரிவாயுவின் விலையினும் பன்மடங்கு மிகுதி. ஆதலால் அரசு கருவியின் விலையிற் பெரும்பங்கைக் கொடுத்தும் மக்கள் தயங்குகின்றனர். எனினும், எரிபொருளை எரித்துச் சூடேற்றிய நாடுகளில் வெப்ப ஏற்றம் புகையைக் குறைக்கும் நற்கருவி என்பதில் ஐயமில்லை. அன்றியும், அங்கெல்லாம் அறிந்தோர் முதற்கண் கூறும் அறிவுரை ஒன்றுண்டு: சுவரையும் கூரையையும் சாளரத்தையும் வெப்பம் கசியாதபடி அடைத்துக்கொண்டு, அதன்பின்னரே யந்திரம் வாங்குக என்பது. இவ்வறிவுரையை நாம் மறவாதிருப்போமாக.

இனி, நம் நாட்டின் கணக்கைப் பார்ப்போம். கடையிற் பெரும்பாலும் விற்கப்படும் யந்திரம் 'ஒன்றரை டன்' எனப்படும். இஃது எடையன்று. ஒன்றரை டன் பனிக்கட்டி ஒரு நாள் முழுதும் உருகுங்கால் எவ்வளவு வெப்பத்தை ஈர்க்குமோ, அவ்வளவை ஒரு நாளில் அறையிலிருந்து வெளியேற்ற வல்லது என்பதே அதன் பொருள். ஐஸ் கம்பெனியிலிருந்து கட்டி ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகும் நம் மீனவர்க்கு ஒன்றரை டன் ஐஸ் என்றால் என்ன என்பது தெரியும். ஒரே ஒரு படுக்கையறைக்கு நாள்தோறும் அத்துணைப் பனிக்கட்டி தேவைப்படுமாயின், அவ்வறை எவ்வாறு கட்டப்பட்டது என்று கேட்பது முறையன்றோ?

அவ்யந்திரம் மணிக்குச் சராசரி ஒரு யூனிட்டு மின்சாரம் கொள்ளுமெனக் கொள்வோம். இரவில் 8 மணி நேரமாக, 60 இரவுகளுக்கு 480 யூனிட்டு ஆகும். தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அறிவிக்கப்பட்ட கட்டணமுறைப்படி, இரு திங்களுக்குரிய முதல் 100 யூனிட்டிற்குக் கட்டணமில்லை; 500 யூனிட்டைக் கடந்தாலோ, மேற்செல்லும் ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய்க்கு மேற்பட்ட விலை பெறுவதோடு, குறைந்த விலைப் படியின் சலுகையும் நீங்கிவிடும். விளக்கு, விசிறி, மிக்சி முதலியவற்றிற்கு 250 யூனிட்டு செலவிட்டு ஐந்நூறு ரூபாய்க்குள் கட்டணம் செலுத்திவந்த குடும்பம், இந்த 480 யூனிட்டைச் சேர்த்தவுடன் ஏறத்தாழ நாலாயிரம் ரூபாய் செலுத்த நேரும். கருவியின் விலை வேறு. அதன் பழுதுபார்ப்பு வேறு. மாதச் சம்பளம் பெறுவோர் ஒருவாறு தாங்குவர். பாடு கிடைத்தால் வருவாய், கிடையாவிட்டால் கடன் என்றிருக்கும் கரையோரக் குடும்பம் இதனை எவ்வாறு தாங்கும்?

பணம் கொடுத்துத் தீர்க்க முடியாத செலவுகளும் உள. அவற்றை மூன்றாகப் பகுத்துக் கூறலாம்.

முதலாவது, மின்சாரம் பிறக்குமிடத்துச் செலவு. நம் நாட்டில் ஒரு யூனிட்டு மின்சாரம் உண்டாக்கச் சராசரியாக 0.7 கிலோகிராம் கரியமிலவாயு வானத்திற் கலக்கிறது. மேற்கூறிய 480 யூனிட்டால் முந்நூறு கிலோகிராமிற்கு மேற்பட்ட கரியமிலவாயு உண்டாகும். "நம் மாவட்டத்திலேயே கமுதியில் 648 மெகாவாட்டுச் சூரிய மின்நிலையம் இருக்கின்றதே, நமக்கென்ன குறை?" என்பாரும் உளர். 2016-ஆம் ஆண்டில் அது தொடங்கப்பட்டபோது ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களுள் உலகில் மிகப்பெரியதாக எண்ணப்பட்டது, நமக்கெல்லாம் பெருமையே. ஆனால் அது மின்சாரம் தருவது பகலில். படுக்கையறை யந்திரம் ஓடுவது இரவில். கதிரவன் மறைந்தபின் அவ்யந்திரங்களை ஓட்டுவதிற் பெரும்பங்கு தூத்துக்குடி முதலிய இடங்களிலுள்ள நிலக்கரி உலைகளுக்கே உரியது. பகல் மின்சாரத்தைச் சேமித்து இரவில் வழங்கும் மின்கலங்கள் பெருகுங்காலத்தில் இந்நிலை மாறும். அக்காலம் இன்னும் முற்றும் வந்திலது.

இரண்டாவது, யந்திரத்தினுள் ஓடும் வாயுவின் செலவு. முற்காலத்து வாயுக்கள் ஓசோன் படலத்தைக் கெடுத்தமையால், 1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை அவற்றைப் படிப்படியாக விலக்கியது. அவற்றிற்கு மாற்றாக வந்தவை ஓசோனைக் கெடுப்பதில்லையாயினும் உலகைச் சூடேற்றும் ஆற்றல் மிக்கன. பெருவழக்காகிய ஆர்-32 என்னும் வாயு, கரியமிலவாயுவைப்போல் 675 மடங்கும், ஆர்-410ஏ என்பது 2,000 மடங்கிற்கு மேலும் வெப்பத்தைப் பிடித்துவைக்க வல்லன. 2016-ஆம் ஆண்டில் ருவாண்டா நாட்டுக் கிகாலி நகரில் இவற்றையும் குறைக்க நாடுகள் உடன்பட்டன; இந்தியா 2021-ஆம் ஆண்டில் அதனை ஏற்று, 2032 முதல் 2047 வரை படிப்படியாகக் குறைக்க இசைந்துள்ளது. இவ்வாயு குழாய்க்குள் அடைபட்டிருக்கும்வரை தீங்கில்லை, கசிந்தாற்றான் தீங்கு. அங்கேதான் நம் கடற்கரையின் தனித்துன்பம் தோன்றுகிறது. பாம்பன் பாலத்தின் இரும்பையே அரித்த உப்புக்காற்று, வெளிப்பெட்டியின் மெல்லிய செம்புக் குழாயையும் அலுமினியத் தகட்டையும் விட்டுவைக்குமா? உள்நாட்டில் பத்தாண்டு உழைக்கும் பெட்டி கரையோரத்தில் அதற்கு முன்னரே ஓட்டையாகின்றது. "கேஸ் போய்விட்டது" என்று பழுதுபார்ப்பவர் எளிதாகக் கூறுகின்றார். போன வாயு எங்கே போயிற்று என்று நாம் வினவுவதில்லை. ஒரு கிலோகிராம் ஆர்-32 கசிந்தால், ஏறத்தாழ 950 யூனிட்டு மின்சாரத்திற்கு எரித்த நிலக்கரிப் புகைக்கு அது நிகராகும்.

மூன்றாவது, அப்பத்தா கூறிய செலவு. மணிக்கு ஒரு யூனிட்டு மின்சாரம் கொண்டு, அறையிலிருந்து மூன்றரை யூனிட்டு வெப்பத்தை எடுக்கும் யந்திரம், இரண்டையும் கூட்டி நாலரை யூனிட்டு வெப்பத்தை வெளியே தள்ளும். ஆயிரம் வாட்டு மின்னடுப்புக்கள் நாலரையைச் சந்தில் எரியவிட்டதற்கு இஃது ஒப்பு. எட்டுப் பெட்டிகளாயின் முப்பத்தாறு அடுப்புக்கள். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரைப்பற்றி 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, இவ்வாறு வெளித்தள்ளப்படும் வெப்பத்தால் சில பகுதிகளில் இரவு வெப்பநிலை ஒரு பாகைக்கு மேல் உயர்வதைக் கணித்துக் காட்டியது. நம் கரையில் கடற்காற்று உண்டு. திறந்த வெளியில் அவ்வெப்பம் கலைந்துபோகும். ஆனால் காற்றுப் புகாத குறுஞ்சந்துகளில் அது தேங்கி நிற்கும். அச்சந்துகளில் வாழ்வோர் யார் என்பதை நான் கூறவேண்டுவதில்லை.

இம்மூன்று செலவுகளும் கடலையும் சேர்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள், கடல்நீர் அளவுகடந்து சூடாகும் கோடைகளில் நிறமிழந்து வெளுக்கின்றன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வெளுப்பு மிகுதியாக நிகழ்ந்தது. பவளம் அழிந்தால் அதனை அண்டி வாழும் மீன் குறையும்; மீன் குறைந்தால் கரையிலுள்ள அடுப்பு அணையும். இதற்கெல்லாம் நம் ஊர்க் குளிர்சாதனப் பெட்டிகளே காரணம் என்று கூறுவது பேதைமை. உலகமெங்கும் எரியும் நெருப்பின் விளைவு அது. எனினும் அந்நெருப்பில் நாமும் ஒரு சுள்ளி இடுகின்றோமா என்று நினைத்துப் பார்த்தல் கடமையாகும்.

இவ்வளவும் கூறியதனால், யந்திரமே கூடாது என்பது என் கருத்தன்று. வெயிலில் வாடுவோர் தண்மையை விரும்புவது குற்றமாகாது. உலர்ந்த உள்நாட்டில் நீர் நனைத்த தட்டியும் 'ஏர் கூலரும்' ஓரளவு உதவும். ஈரம் நிறைந்த நம் கடற்காற்றில் அவை பெரிதும் பயன்படா. வியர்வை உலராத புழுக்கத்தில் நோயாளரும் கைக்குழந்தைகளும் முதியோரும் படும் துன்பம் உயிர்க்கே இறுதியாவதும் உண்டு. தமிழ்நாட்டரசு 2024-ஆம் ஆண்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தமைக்கு இதுவே காரணம். மருத்துவமனைக்கு யந்திரம் வேண்டும். மருந்தைக் காக்க வேண்டும். பிடித்த மீனைக் கெடாமல் வைக்க ஐஸ் கம்பெனி வேண்டும். அதுவும் ஒரு வெப்ப ஏற்றமே அன்றோ? என் கருத்து இதுவே: கூரை முந்துக, யந்திரம் பிந்துக. கூரையால் தடுக்கக்கூடிய வெம்மையை யந்திரத்தால் இறைப்பது, மடை உடைந்த கண்மாயை அடைக்காமல் வாளிகொண்டு நீரை அள்ளி ஊற்றுவது போலாகும்.

"அங்ஙனமாயின், மீண்டும் ஓலைக்குடிசைக்கே போகச் சொல்லுகின்றாயா?" என்று சிலர் சினத்தல் கூடும். பழமையெல்லாம் நன்மை என்று நான் கூறவில்லை. ஓலைக்கூரை தண்மையுடையது, ஆயின் இரண்டு மூன்றாண்டிற்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஒரு தீப்பொறியில் வரிசை முழுதும் சாம்பலாகும். 1964-ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை அறிந்தோர் எவரும் குடிசையைப் புகழார். பழைய மாளிகைகளின் சுண்ணாம்பிற் பெரும்பகுதி கடலிலிருந்து பெயர்த்த பவளப்பாறையையும் சங்கு சிப்பிகளையும் சுட்டு எடுத்ததே. பவளத்தை எடுப்பது இன்று சட்டத்தால் விலக்கப்பட்ட செயல். குடிசைகளுக்கு மாற்றாக 2024-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'கலைஞரின் கனவு இல்லம்' போன்ற திட்டங்கள் காங்கிரீட்டுக் கூரை தருவது வரவேற்கத்தக்கதே. ஆனால் மேற்பூச்சின்றி வெறுமனே விடப்பட்ட காங்கிரீட்டு, பகலெல்லாம் வெயிலை உண்டு இரவெல்லாம் அதனை உறங்குவோர்மேல் உமிழும். புயலுக்குத் தப்பிய ஏழை வெம்மைக்கு இரையாதல் வேண்டுமா? வீடு கட்டும் செலவில் சிறுபகுதியைக் கூட்டினால் இக்குறை நீங்கும்.

செய்யத்தக்கவை அரியனவல்ல. கூரைமேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கித்தளம் இட்டுத் தட்டோடு பதிப்பது நம் கொத்தனார்கள் நெடுங்காலமாக அறிந்த தொழில். அதற்கு இயலாதவர், ஆண்டிற்கொருமுறை பங்குனியில் மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம்; வெண்ணிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். குசராத்து மாநிலத்து அகமதாபாத்து நகரம், 2013-ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் வெப்பத் தடுப்புத் திட்டத்தில் பின்னர் இவ்வெள்ளைக் கூரையையும் சேர்த்துக்கொண்டது. தெலுங்கானா அரசு 2023-ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. தகட்டுக்கூரையின் கீழ்ப் பனையோலைப் பாயாலோ மூங்கில் தட்டியாலோ ஓர் உட்கூரை கட்டினால், இடையிலுள்ள காற்றே வெப்பத்தைத் தடுக்கும். மேற்குச் சுவருக்கு வேம்போ பூவரசோ நிழல் தரட்டும். கச்சான் வீசும் திசைக்கும் வாடை வீசும் திசைக்கும் சாளரம் வைத்தால் காற்று கூலி கேளாமல் வேலை செய்யும். புதுவகை மின்விசிறி பழையதன் பாதிக்குங் குறைந்த மின்சாரத்திற் சுழலும். அதன் காற்றில் சில பாகை கூடுதலான வெப்பமும் பொறுக்கத்தக்கதாகும்.

இவையெல்லாம் செய்தபின்னும் யந்திரம் தேவைப்படுமாயின், தயக்கமின்றி வாங்குக. அப்பொழுது ஒன்றரை டன் வேண்டியிருந்த அறைக்கு ஒரு டன்னே போதும் என்பது தெரியவரும். நட்சத்திரக் குறி மிக்க யந்திரமே நெடுநாளைக்கு மலிவு. 2020-ஆம் ஆண்டு முதல் நட்சத்திரக் குறி பெறும் யந்திரங்கள் தொடங்கும்போது 24 பாகையில் நிற்கும்படி நடுவணரசு விதித்தது. ஒவ்வொரு பாகை உயர்த்தி வைப்பதனாலும் மின்சாரம் நூற்றுக்கு ஆறு பங்கு மிச்சமாகும் என்று மின்சிக்கன அலுவலகத்தார் கூறுகின்றனர். வெளிப்பெட்டியை உப்புப் படியாதபடி அவ்வப்போது நன்னீரால் கழுவுவித்தல் வேண்டும். பழுதுபார்ப்பவர் எஞ்சிய வாயுவை வானில் திறந்துவிடாமல் உருளையிற் பிடித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். இவை சிறு செயல்களே; கேட்பாரின்மையாற்றான் செய்வாரும் இல்லை.

தனியொருவர் செய்ய இயலாததை ஊராட்சியும் நகராட்சியும் செய்தல் வேண்டும். ஒருவர் தம் வீட்டுக் கழிவுநீரை அயலார் வாசலிற் பாய்ச்சினால் கேட்பதற்கு விதி உண்டு. தம் அறையின் வெம்மையை அயலார் வாசலிற் கொட்டினால் கேட்பதற்கு என்ன விதி? புதிதாக எழும் விடுதிகளின் வெளிப்பெட்டிகள் மொட்டைமாடியிலேயே அமைதல் வேண்டும், குறுஞ்சந்தை நோக்கி வைத்தலாகாது என்று கட்டட அனுமதியிலேயே ஒரு வரி சேர்த்தால் போதும். யாத்திரிகர் வருகையால் வாழும் ஊர் இராமேசுவரம். விடுதிகள் பெருகுவது ஊருக்கு நன்மையே. அந்நன்மையின் நிழல் சந்துவாழ்நர்மேல் அனலாக விழாதபடி காப்பதும் ஊரின் கடமையன்றோ? வெப்ப அலையைப் பேரிடர் என அறிவித்த அரசு, உயிர் போனபின் பொருள் கொடுப்பதோடு நில்லாமல், உயிர் போகாமுன் சுண்ணாம்பு கொடுக்க முன்வருமாயின் செலவும் குறையும், புண்ணியமும் பெருகும். 2019-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டமும், குளிர்விப்பின் தேவையையே 2037-38-ஆம் ஆண்டிற்குள் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு குறைத்தல் வேண்டும் எனக் குறித்துள்ளது. தேவை குறைவது கூரையிலேதான் தொடங்கும்.

மாணவ நண்பர்களே, நம்முட் பலர் கடற்கரைச் சிற்றூர்களிலிருந்து இக்கல்லூரிக்கு வந்தவர்கள். கற்றுத் தேறி வேலையில் அமர்ந்தவுடன் வீட்டிற்கு ஒரு குளிர்சாதன யந்திரம் வாங்கித் தருவதைப் பெற்றோர்க்குச் செய்யும் முதற் கைம்மாறாகக் கருதுகின்றோம், அவ்வெண்ணம் அன்பின்பாற் பட்டது, அதனைக் குறைகூறேன். ஆனால் வேலை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாத ஒரு கைம்மாறும் உண்டு. வரும் பங்குனியில் ஊருக்குச் செல்லுங்கால் ஒரு மூட்டைச் சுண்ணாம்பும் ஒரு மட்டையும் கொண்டு நம் வீட்டு மாடிக்கு ஏறுவோம். அதனை முடித்தபின் அடுத்த வீட்டு மாடிக்கும் ஏறுவோம். இராமேசுவரத்தில் எங்கள் உறவினர் வீட்டுக்கு மொட்டைமாடி இல்லை. தகட்டின் கீழ் ஓலைப்பாய் உட்கூரை கட்டித்தருவதாக அப்பத்தாவிடம் சொல்லி வந்திருக்கின்றேன். எதிர்ச்சுவரிலுள்ள எட்டுப் பெட்டிகளை அகற்றும் ஆற்றல் எனக்கில்லை. அதற்கு விதியும், விதியை வேண்டும் குரலும் வேண்டும். அக்குரலை எழுப்புவது கற்றாராகிய நம் அனைவருக்கும் உரிய கடன்.